சாவி யாரிடம்?

அன்பின் தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ரொறன்ரோவில் ஒரு கந்தோர் தன் பழைய கொம்பியூட்டர்களை உங்கள் ஊர்ச் சங்கத்துக்குத் தர ஒப்புக்கொண்டிருக்கிறது. அவற்றைக் கொள்கலனில் ஏற்றி மன்னாருக்கு அனுப்பி, பட்டினத்தின் கரையோரக் குடியிருப்பு ஒன்றில் கத்தோலிக்கக் கோயிலோடு சேர்த்து ஒரு கணினி நிலையம் திறக்க நினைக்கிறீர்கள். எந்தப் பங்குக்குக் கொடுப்பது, பாதரிடம் யார் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். லண்டனிலும் பாரிசிலும் இருக்கிற மன்னார் ஆட்களும் அவ்வப்போது இதையே கேட்கிறார்கள். அதனால்தான் உங்கள் பெயரை விட்டுவிட்டுப் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மறுமொழியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெசின்களை அனுப்ப வேண்டாம். கப்பல் கூலிக்கு ஒதுக்கிய காசை இங்கே இரண்டு பிள்ளைகளின் சம்பளமாக்குங்கள். அந்த அறையைப் பின்னேரம் திறந்து, இரவு பூட்டி, இடையில் யார் வந்தாலும் முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுக்கிற இரண்டு பேருக்கு இரண்டு வருடச் சம்பளம். மிச்சமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் மெசின்களின் கதையை முடித்துவிடுவோம். கனடாவில் சுவரில் வருவது 120 வோல்ட், மன்னாரில் 230. புதிய மின்வழங்கிகள் இரண்டையும் தாமாகவே ஏற்றுக்கொள்ளும். பழையவற்றின் முதுகில் சின்னதாக ஒரு சிவப்புச் சுவிச் இருக்கும். அதை மாற்றித் தள்ளாமல் செருகினால் ‘டப்’ என்று ஒரு சத்தம், கருகல் மணம், அவ்வளவுதான். இன்னொன்று. வின்டோஸ் 10-க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. உலகெங்கும் கந்தோர்கள் திடீரென்று தாராள மனத்தோடு கொம்பியூட்டர் தானம் செய்வதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறக்க வேண்டாம். லினக்ஸ் போட்டு இன்னும் பல வருடம் ஓட்டலாம், உண்மை. ஆனால் லினக்ஸ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எந்த வழியால் போனாலும் கடைசியில் ஒரு ஆளிடம்தான் வந்து நிற்கிறோம்.

பிறகு மன்னார்க் காற்று. சோளகம் வீசுகிற மாதங்களில் யன்னலை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் மேசையில் விரலால் பெயர் எழுதலாம். ஒரு மெசினின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். விசிறி இதழ்களில் உப்பு ஈரத்தோடு ஒட்டிப்போன மெல்லிய மணல். மெமரித் தகட்டின் பொன்னிறப் பற்களில் கறுப்பாக ஒரு படலம். சுவிச்சைப் போட்டால் விசிறி சுற்றும், திரை இருட்டாகவே நிற்கும். கை பழகிய பிள்ளை என்ன செய்யும் தெரியுமா? மெமரியைக் கழற்றி, பள்ளிக்கூட அழிறப்பரால் அந்தப் பற்களை மெதுவாகத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டுத் திரும்பச் செருகும். ஒரு ‘பீப்’ சத்தத்தோடு மெசின் எழும்பிவிடும். செலவு ஒரு அழிறப்பர். கை பழகாத இடத்தில் அதே மெசினில் ‘பழுது’ என்று ஒரு துண்டு ஒட்டப்படும். மூலைக்குப் போகும். அடுத்த திருநாளுக்குள் அதன்மேல் சோடனைச் சாமான்கள் ஏறிவிடும்.

இப்போது உங்கள் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள்: எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே, கொம்பியூட்டர் எதற்கு? கேட்க வேண்டிய கேள்விதான்.

மறுமொழிக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலம் 1990-இல் தகர்க்கப்பட்டது, ரயிலும் நின்றது. புதிய பாலம் 2010-இல் திறந்தது. தலைமன்னார்த் துறைக்கு ரயில் திரும்பி வர 2015 மார்ச் ஆகிவிட்டது. தீவு அடைபட்டுக் கிடந்த அந்தக் காலத்தில் உலகம் மேசைக் கொம்பியூட்டரைப் பழகி, அலுத்து, கைப்போனுக்கு மாறியிருந்தது. மன்னார்ச் சனம் இடையிலுள்ள படியை மிதிக்காமலே நேராகப் போனுக்கு வந்தது. பள்ளிமுனையில் வலை பொத்துகிறவரும் வீடியோவில் டென்மார்க்கிலுள்ள தங்கச்சியோடு பேசிக்கொண்டேதான் பொத்துகிறார். அதில் குறையில்லை. ஆனால் போன் பார்க்கவும் பேசவும் நல்லது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பம் நிரப்பவோ, சான்றிதழ்களை ஸ்கான் பண்ணி ஏற்றவோ, தமிழில் இரண்டு பக்கம் அடிக்கவோ, மாதர் சங்கத்தின் சேமிப்புக் கணக்கை அட்டவணையாகப் போடவோ அது போதாது. விரல் பத்தும் வேலை செய்கிற விசைப்பலகை வேண்டும், முழுத்தாளும் ஒரேயடியாகத் தெரிகிற திரை வேண்டும்.

இல்லாதவர்கள் கொமினிகேஷன் கடைக்குப் போகிறார்கள். அங்கே நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உயர்தரம் எழுதி இசட் புள்ளி வந்த ஒரு பிள்ளை, தாயோடு வந்து நிற்கிறாள். விண்ணப்பம் மின்னஞ்சல் முகவரி கேட்கிறது. அவளுக்கு இல்லை. கடைக்காரத் தம்பி தன் கொம்பியூட்டரிலேயே ஒன்றைத் திறந்து, கடவுச்சொல்லையும் தானே வைத்து, கடைக் கொப்பியில் குறித்துக்கொள்கிறார். தாய் காசைக் கொடுக்கிறாள். வேலை முடிந்தது. பிறகு அந்த முகவரிக்கு ஒரு கடிதம் வருகிறது, குறித்த திகதிக்குள் பதில் வேண்டுமென்று. அதைத் திறந்து பார்க்கிறவர் யார்? கடைக்காரரில் பிழை சொல்ல மாட்டேன். வரிசையில் இன்னும் எத்தனையோ பேர் நிற்கிறார்கள், கடை வாடகையும் இருக்கிறது. ஆனால் அந்த மின்னஞ்சல் பிள்ளையினுடையது அல்ல, கடையினுடையது. 2022-இல் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்தபோதும், அதற்குப் பிறகு அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு வந்து மேன்முறையீடு செய்யச் சொன்னபோதும் இதே வரிசை, இதே கொப்பி. அரசாங்கம் காகிதத்தை விட்டு இணையத்துக்குப் போகப் போக, எழுதத் தெரியாதவருக்கு மனு எழுதிக்கொடுக்கிற பழைய காலம் வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது.

பள்ளிக்கூடங்களில் கணினி அறை இல்லையா? இருக்கிறது. ஒன்றரைக்கு மணியடித்தால் அதற்கும் பூட்டு. பொருள் களவுபோனால் பொறுப்பு அதிபருக்கு. ஆகவே அதிபர் பூட்டுவார், நானாக இருந்தாலும் பூட்டுவேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது நிலைமை வெளிச்சமானது. அடுத்த வருடம் ஊவாவில் போகிட்டியாவ என்ற ஊரில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சிக்னல் தேடிக் காட்டுக்குள் நடந்து பாறையில் ஏறிய படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. மன்னார்ப் பட்டினத்தில் சிக்னல் இருந்தது. ஆனால் பல வீடுகளில் போன் ஒன்று, படிக்கிற பிள்ளைகள் மூன்று, அந்தப் போனும் தகப்பனோடு கடலுக்குப் போய்விடும்.

அப்படியானால் ஏன் கோயில்?

மன்னார் மாவட்டத்தில் 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர். அதில் பாதிக்கு மேல் கிறிஸ்தவர்கள், மிகப் பெரும்பாலும் கத்தோலிக்கர். இலங்கையில் இப்படி வேறு மாவட்டம் கிடையாது. பனங்கட்டிகொட்டோ, பள்ளிமுனையோ, எமில் நகரோ, இந்தக் குடியிருப்புகளில் கோயில் மணிதான் கடிகாரம். பங்குச் சபை கூடினால் ஊர் கூடிய மாதிரி. பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு குமர்ப்பிள்ளை ‘கோயிலடிக்குப் போயிட்டு வாறன்’ என்றால் தாய் தடுக்க மாட்டாள். வேறு எந்த இடத்தின் பெயரைச் சொன்னாலும் கேள்வி வரும். இந்த நம்பிக்கையைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

அதோடு இடமும் இருக்கிறது. 1960, 61-இல் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது கோயில் வளவுப் பள்ளிக்கூடங்கள் கைமாறின. அது சரியா பிழையா என்ற வழக்கை இங்கே திறக்க வேண்டாம், அது தனிக் கடிதத்துக்குரிய விசயம். கோயிலின் கையில் மிஞ்சியது மறைக்கல்வி மண்டபம். அது ஞாயிறு காலையில் இரைச்சலாக இருக்கும், மற்ற நாள்களில் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். வாடகை இல்லாத கூரை, கழுவறை, கிணறு, மதில், ஒலிபெருக்கி. ஒரு கணினி நிலையத்துக்குத் தேவையானதில் முக்கால்வாசி ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

மன்னாருக்கு இது புதிய கதையும் அல்ல. போர்த்துக்கேயர் 1560-இல் மன்னாரைப் பிடித்தபின் இங்கே வந்து பணியாற்றிய யேசு சபைக் குரு ஒருவர் இருந்தார், என்றிக்கே என்றிக்கஸ். அண்டிரிக் அடிகளார் என்று தமிழில் எழுதுகிறார்கள். மன்னாரிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் கையால் வந்தது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் நூல்களில் நமக்குக் கிடைத்திருப்பது அதுதான். அச்சு வேலைக்குக் காசு சேர்த்துக் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். கடலில் மூச்சடக்கிச் சம்பாதித்த பணம் அன்றைய புதுத் தொழினுட்பத்துக்குப் போயிருக்கிறது. உங்கள் சங்கத்தாருக்கு நான்கு நூற்றாண்டுக்கு முந்திய முன்னோர் இருக்கிறார்கள் என்று கூட்டத்தில் சொல்லுங்கள், மகிழ்வார்கள். ஆனால் அந்தக் கதையில் இன்னொன்றையும் சொல்லாமல் விடாதீர்கள். அடிகளார் இந்தியாவுக்கு வந்தது 1546-இல். முப்பது வருடத்துக்கு மேலாகத் தமிழ் படித்து, இலக்கணம் எழுதி, கரையோரப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து முடிந்த பிறகுதான் அந்தப் புத்தகம் வந்தது. மெசின் கடைசியாக வந்து சேர்ந்த சாமான்.

இந்த வரிசையை மாற்றிப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. இ-ஶ்ரீலங்கா திட்டத்தில், உலக வங்கிப் பணத்தில், தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் ‘நெனசல’ என்ற பொதுக் கணினி நிலையங்களைத் திறந்தது. விகாரை, கோவில், பள்ளிவாசல், தேவாலயம், நூலகம் என்று சனம் ஏற்கெனவே நம்பிப் போகிற இடமாகப் பார்த்து வைத்தார்கள். அது மிகக் கெட்டிக்கார யோசனை. எண்ணிக்கை 700-ஐத் தாண்டியது. 2014-இல் கேட்ஸ் அறக்கட்டளை இத்திட்டத்துக்குப் பத்து இலட்சம் டொலர் விருதும் கொடுத்தது. இன்று பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சிய நெனசலக்களும் உண்டு, நன்றாக ஓடுகிறவையும் உண்டு. ஓடுகிற இடத்தைப் போய்ப் பாருங்கள், ஒரு பிக்குவோ ஒரு ஆசிரியையோ வேலையில்லாத ஒரு பட்டதாரியோ அதைத் தன் சொந்த வேலையாக எடுத்திருப்பார். இணைப்புக்கான மானியம் நின்ற நாளில் மற்ற இடங்களில் கதவும் சாத்தப்பட்டது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரி ஊர்களில் தகவல் நிலையங்களைத் தொடங்கியது. எம்பலத்தில் அதை வைத்தது கோவிலுக்குள். கோவில் என்றால் எல்லாச் சாதியும் வரலாமா, பெண்கள் எல்லா நாளும் வரலாமா என்ற கேள்வியை முதலில் பேசித் தீர்த்துவிட்டுத்தான் கொம்பியூட்டரை இறக்கினார்கள். வீராம்பட்டினம் மீனவ ஊர். அங்கே அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலையின் உயரத்தை எடுத்து, தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கடலுக்குப் போகிறவர் கொம்பியூட்டர் படிக்கத் தேவையில்லை, கரையில் நின்று காது கொடுத்தால் போதும். பேசாலையிலும் தலைமன்னாரிலும் கோயில் ஒலிபெருக்கி எதற்கெல்லாம் பயன்படுகிறது என்று தெரிந்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதே வரிசையில் நல்லவாடு என்ற ஊரிலும் ஒரு நிலையம் இருந்தது. 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சிங்கப்பூரில் வேலை செய்த அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் எடுத்தார். ஊரார் நிலையத்துக்கு ஓடினார்கள். அது பூட்டியிருந்தது. உடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஏறத்தாழ 3,600 பேர் கரையை விட்டு ஓடினார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின, ஊரில் உயிர் போகவில்லை. இந்தக் கதையை எல்லோரும் தொழினுட்பத்தின் வெற்றியாகச் சொல்கிறார்கள். நான் அந்தப் பூட்டைப் பற்றி நினைத்துக்கொள்கிறேன். அன்று உடைக்க நேரம் இருந்தது.

இனிக் கொஞ்சம் சங்கடமான பேச்சு. கோயிலோடு சேர்ந்த நிலையம் யாருக்கு? பங்குப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் நான் இந்தப் பக்கத்துக்கே வரமாட்டேன். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டிச் சனம் கையில் அகப்பட்டதோடு புத்தளம் போனது. திரும்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று இதே பட்டினத்தில் இதே கொமினிகேஷன் கடை வரிசையில்தான் நிற்கிறார்கள். 2019 மார்ச்சில் திருக்கேதீச்சரக் கோவிலின் அலங்கார வளைவு உடைக்கப்பட்ட விவகாரம் சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையில் விட்டுச்சென்ற கசப்பு உங்களுக்கும் தெரியும். அதற்கு அடுத்த மாதம் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள். அதன்பின் பல மாதம் கோயில் வாசலில் பைச் சோதனை. இவ்வளவுக்கும் பிறகு ‘எல்லோரும் வரலாம்’ என்று ஒரு பலகை எழுதிவிட்டால் வந்துவிடுவார்களா? மாட்டார்கள். அறைக்குத் தெருப் பக்கமாக ஒரு வாசல் வேண்டும். ஆறு மணிக்குச் செபமாலை தொடங்கினால் மற்றப் பிள்ளைகள் எழும்பிப் போகவோ, சேர்ந்து நிற்கவோ தேவையில்லாத இடமாக அது இருக்க வேண்டும். சொல்லிக்கொடுக்கிற இருவரில் ஒருவர் உப்புக்குளத்து முஸ்லிம் பிள்ளையாக இருந்தால் பலகையே வேண்டாம். பதிவேட்டில் சமயம் என்ற நிரலை வைக்காதீர்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று. எந்த இலவச நிலையத்திலும் முதல் மாதத்தில் பொடியன்கள் கேம் விளையாட வந்து கதிரைகளைப் பிடித்துவிடுவார்கள். அவர்களைத் துரத்த வேண்டியதில்லை, அவர்களில் ஒருவன்தான் நாளைக்கு அழிறப்பர் பிடிக்கப் போகிறவன். ஆனால் பெண்பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் என்று நேரம் தனியாக ஒதுக்கி, அதைச் சுவரில் ஒட்டி, அந்த நேரத்தில் வேறு யாரையும் இருத்தாமல் காப்பாற்ற ஒரு பெண் பொறுப்பாளர் வேண்டும். மீன் வாடியில் கருவாடு காயப்போட்டுவிட்டு வருகிற பெண் பின்னேரம் மூன்றரைக்குத்தான் ஓய்வாவாள். நேர அட்டவணையை அவளைக் கேட்டுப் போட வேண்டும்.

கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அந்த ஓகஸ்டில் கட்டணம் ஏறியபோது வழிபாட்டிடங்களும் தப்பவில்லை, பெரும் பில்கள் வந்தன. மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் தம்பபவனி காற்றாலையின் 30 கோபுரங்கள் 2020 டிசெம்பரிலிருந்து சுற்றுகின்றன, கொள்ளளவு 100 மெகாவாட். காற்றாலைகளை எதிர்த்து மன்னார்ச் சனமும் குருக்களும் தெருவில் நின்றது வேறு விசயம். நம் விசயம் இதுதான்: காற்றாலைக்குப் பக்கத்திலுள்ள பங்கும் மின்கட்டணத்தை மாதாமாதம் கட்டத்தான் வேண்டும். ஒரு கணினி நிலையம் சாவது பெரும்பாலும் பங்குச் சபையில் அந்தப் பில் வாசிக்கப்படுகிற கூட்டத்தில்தான். ஆகவே நிலையத்துக்குத் தனி மீற்றர், கட்ட உங்கள் சங்கம். மேசைக் கொம்பியூட்டரை விட இங்கே வாங்கிய லப்டொப் மேல். கரண்ட் போனாலும் பாடம் முடியும், பழுதானால் பட்டினத்திலேயே உதிரிப்பாகம் கிடைக்கும், உத்தரவாத அட்டை கொழும்பில் செல்லும்.

பாதர்களைப் பற்றியும் மரியாதையோடு சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றம் வரும். ஒரு சுவாமி கொம்பியூட்டர் கொண்டுவருவார், அடுத்தவர் கெபி கட்டுவார், அதற்கடுத்தவர் கோபுரத்துக்குப் பூச்சு. யாரிலும் பிழையில்லை, ஆளுக்கொரு வரம். ஆனால் உங்கள் ஒப்பந்தம் ஒரு குருவோடு இருக்கக் கூடாது, பங்கின் அருட்பணிப் பேரவையோடு எழுத்தில் இருக்க வேண்டும். மறைமாவட்டத்தின் பக்கமிருந்து மனத்தடை இராது. திருத்தந்தையின் சமூகத் தொடர்பு அவை 2002-இலேயே ‘திருச்சபையும் இணையமும்’ என்று ஒரு ஏடு வெளியிட்டு, இணையம் கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் இடையிலுள்ள பிளவைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறது. 2025 செப்டெம்பரில் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குதிஸ் கொம்பியூட்டர் பழகிய பிள்ளை, அவருடைய படம் இப்போது நம் கோயில்களுக்கும் வந்துவிட்டது. படம் மாட்டுவது சுகம். பக்கத்து அறையைத் தினமும் திறப்பதுதான் பாடு.

இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மறைமாவட்டத்தின் வாழ்வுதயம் போர்க்காலம் முழுக்க அகதிகளோடு நின்ற நிறுவனம், தொழிற்பயிற்சியிலும் அதற்குப் பழக்கம் உண்டு. யேசு சபையாரின் லொயோலா கம்பஸ் போருக்குப் பின் வடக்கில் ஆங்கிலமும் கணினியும் படிப்பிக்கிறது. முருங்கனில் தொன் பொஸ்கோ சபையினரின் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. இவையெல்லாம் பாடநெறிகள்: பதிந்து, பஸ் ஏறிப் போய், மாதக்கணக்கில் இருந்து, சான்றிதழோடு திரும்புகிறவர்களுக்கு. நீங்கள் நினைக்கிற அறை வேறு சாதி. செருப்பைக் கழற்றிவிட்டு நனைந்த சாரத்தோடு நடந்து வந்து ஒரு படிவத்தை நிரப்பிவிட்டுப் போகிற அறை. இரண்டும் வேண்டும், ஒன்று மற்றதற்கு ஆள் சேர்த்துக்கொடுக்கும்.

அமெரிக்காவிலும் இப்படியான அறைகள் ஒரு ஆளிடமிருந்துதான் ஆரம்பித்தன. அன்ரோனியா ஸ்ரோன் என்ற கணித ஆசிரியை 1983-இல் நியூயோர்க் ஹார்லெமில் ஒரு மாடிக் குடியிருப்பின் நிலவறையில் பொதுக் கணினி நிலையம் திறந்தார். ஏழைச் சுற்றாடல்களில் அதைப் போன்றவை பிறகு நூற்றுக்கணக்கில் பெருகின, பல தேவாலய மண்டபங்களிலும். ஹார்லெமில் சனத்தைக் கவர்ந்தது கொம்பியூட்டரா, அந்த ஆசிரியையா என்று என்னைக் கேட்டால் ஆசிரியை என்றுதான் சொல்வேன்.

என்ன சொல்லிக்கொடுப்பது என்று நீண்ட பட்டியல் கேட்டிருந்தீர்கள். நான் சுருக்குகிறேன். முதல் நாளே ஒவ்வொருவருக்கும் சொந்த மின்னஞ்சல், சொந்தக் கடவுச்சொல், அதை எழுதி வைக்கச் சொந்தக் கொப்பி. இரண்டாவது, யூனிக்கோட்டில் தமிழ் அடித்தல். இன்னும் நம் ஊரில் பாதிப் பேர் பாமினியில் அடிக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் முழுக் கடிதமும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், போனிலும் அப்படியே. பிரதேச செயலகத்துக்கு அனுப்பிய மனு அந்தக் கோலத்தில் போய்ச் சேர்ந்தால் யார் வாசிப்பார்? மூன்றாவது, ஸ்கான். இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்த குடும்பங்கள் ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடிக் கோயிலுக்கு வந்த மாவட்டம் இது. வீட்டுப் பத்திரங்களை ஒருமுறை ஸ்கான் பண்ணித் தன் மின்னஞ்சலிலேயே வைத்துக்கொள்ளப் பழகினால், அடுத்த வெள்ளத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. எக்செல், படம் வரைதல், நிரல் எழுதுதல் எல்லாம் பிள்ளைகள் தாங்களே கேட்டு வாங்குவார்கள்.

ஆகவே கூட்டத்தில் மூன்று முடிவை எடுங்கள். கந்தோர் தருகிற மெசின்களை அங்கேயே கொடுத்து, விற்கக்கூடியதை விற்றுக் காசாக்குங்கள். அந்தக் காசோடு கப்பல் கூலியையும் சேர்த்து, இரண்டு பேருக்கு, அதில் ஒருவர் பெண், இரண்டு வருடச் சம்பளத்தை முன்கூட்டியே வங்கியில் போடுங்கள். மூன்றாவது, பெயர்க்கல். யாருடைய நினைவாக என்று சுவரில் ஒரு கல் பதிக்க உங்கள் உறுப்பினர்கள் விரும்புவார்கள், மெசினுக்குக் கல் உண்டு, சம்பளத்துக்குக் கல் இல்லை என்பதுதான் இதுவரை எல்லாச் சங்கத்தையும் வழிமாற்றிய விசயம். கல் வேண்டுமென்றால் பதியட்டும். அதில் நன்கொடையாளர் பெயருக்குக் கீழே திறக்கிற நேரம், பூட்டுகிற நேரம், சாவி வைத்திருப்பவரின் பெயர் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள்.

முடிவானதும் எனக்கு அறிவியுங்கள். பங்குச் சபையாரிடமும் பாதரிடமும் நானே போய்ப் பேசுகிறேன்.

அன்புடன்,
மன்னாரிலிருந்து உங்கள் அண்ணன்